செத்தவீட்டு அறிவித்தலுக்குக் கீழை

காலமை எட்டரைக்குப் பிரதேச சபை வாசலிலை இருக்கிற அறிவித்தல் பலகைக்கு முன்னாலை போய் நிக்காட்டி எனக்கு அண்டைக்கு விடிஞ்ச மாதிரியே இராது. வீடு அளவெட்டியிலை. தேத்தண்ணியைக் குடிச்ச குறையிலை வைச்சிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிடுவன். எங்கடை பட்டினம் சின்னன். ஒரு பஸ் நிலையம், ஒரு சந்தை, ரண்டு வங்கி, சபைக் கந்தோர், கந்தோருக்கு நேரெதிரை என்ரை போட்டோக்கொப்பிக் கடை. இவ்வளவுக்குள்ளை தலைபோற செய்தி என்ன வரப்போகுது எண்டு நினைப்பியள். வந்து பாருங்கோ! வியாபார உரிமம் புதுப்பிக்கிற கடைசி நாள், குப்பை ரக்ரர் வாற நேரம், கரண்ட் நிக்கிற நாள், சிறு வியாபாரிகளுக்கு நடக்கிற பயிற்சி, கழிவுநீர்க் கான் துப்புரவாக்கிறது, எல்லாம் அந்த வெடிச்ச கண்ணாடிக்குப் பின்னாலைதான். ஒண்டுக்கு மேலை ஒண்டு ஒட்டியிருப்பாங்கள். கடைசித் திகதி மட்டும் ஆகக் கீழை, மற்றக் கடுதாசியின்ரை விளிம்புக்குள்ளை ஒளிச்சுக்கொண்டு கிடக்கும்.

நான் அதைப் படம் எடுத்து, "மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களது மேலான கவனத்துக்கு" எண்ட சோடனையெல்லாத்தையும் கழட்டி எறிஞ்சிட்டு, மனிசருக்கு விளங்கிற மாதிரி வட்ஸ்அப் குறூப்பிலை போடுவன். "வெள்ளிக்கிழமை கான் வெட்ட வாறாங்கள். கடைக்கு முன்னாலை சாமான் வையாதேங்கோ. வைச்சுப்போட்டு என்னட்டை அழாதேங்கோ." இவ்வளவுதான் என்ரை நடை. வணிகர் சங்கத்துக்கு நான் செயலாளர். ஆசைப்பட்டு வந்த பதவியில்லை. பொதுக்கூட்டத்திலை செயலாளர் ஆர் எண்டு கேட்ட உடனை முழு ஆம்பிளையளும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தாங்கள். எரிச்சல் தாங்கேலாமல் "என்ன, இஞ்சை ஒருத்தருக்கும் வாய் இல்லையோ?" எண்டு நான் எழும்பினன். எழும்பினதுதான் பிழை, கையைத் தட்டிப்போட்டாங்கள்.

எனக்குக் கோபம் கெதியா வரும். அதை முதலே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் இந்தக் கதை முழுக்க அந்தக் கோபத்திலை வந்த வினைதான்.

ஒருநாள் எங்கடை சங்கத்து ஆள் ஒருத்தற்றை தாய் மோசம் போயிட்டா. குறூப்பிலை மரண அறிவித்தல் வந்தது. கீழை வரிசையா ஆழ்ந்த இரங்கல், ஆழ்ந்த இரங்கல். அதுக்கு நடுவிலை மின்சாமான் கடைக்காரர் ஒரு விளம்பரத்தைக் கொண்டுவந்து போட்டார். காத்தாடிக்கு விலைக்கழிவாம். ஒரு பெட்டை தலைமயிர் பறக்கச் சிரிச்சுக்கொண்டு நிக்கிற படம். எனக்கு உச்சிக்கு ஏறிட்டுது. எல்லாரும் கேக்கத்தக்கதாக் குரலிலையே அனுப்பினன். "கொஞ்சமாவது அறிவிருக்கோ? அங்கை ஒரு தாயைக் கிடத்தியிருக்கு, நீர் இஞ்சை காத்து விக்கிறீரோ?" மனுசன் உடனை அழிச்சுப்போட்டு மன்னிப்புக் கேட்டார். நான் அதோடை விட்டனோ? இல்லை. சட்டம் போட்டன். இனிமேல் மரண அறிவித்தல் ஒண்டு வந்தால், சவம் எடுக்குமட்டும் அதுக்குக் கீழை வேறை ஒரு செய்தியும் வரக்கூடாது. ஆர் போட்டாலும் குறூப்பாலை வெளியிலை. எல்லாரும் கைகூப்பி அனுப்பினாங்கள். எனக்கு நல்ல புழுகம், பெரிய சந்தோசம்.

ஒரேயொரு ஆள்தான் அதுக்குக் குறுக்கை கதைச்சவர். சந்தையிலை விதைக்கடை வைச்சிருந்த அண்ணை. எழுபது தாண்டின மனுசன். என்ரை கடையிலையிருந்து அவற்றை கடை ஐம்பது காலடிதான் இருக்கும். அடுத்தநாள் காலமை ஏதோ பில் கொப்பி எடுக்க வந்தவர், சிரிச்சுக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, சட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் நான் செத்தால் அதைப் பாவிச்சிடாதையும்."

"காலங்காத்தாலை என்ன விசர்க்கதை அண்ணை?"

"விசரில்லை. நான் கிடக்கிற அண்டைக்குப் புத்தூரிலை கரண்ட் நிப்பாட்டுறாங்கள் எண்டு வைச்சுக்கொள்ளும். வெங்காயத்துக்கு மோட்டரிலை தண்ணி இறைக்கிறவனுக்கு அது தெரியவேணுமெல்லோ. அவன் என்ரை மூஞ்சையைப் பாத்துக்கொண்டிருந்து என்ன செய்யப்போறான்? உயிரோடை இருக்கேக்கையே பாக்கேலாது."

"வாயைக் கழுவுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு நான் கொப்பி எடுத்துக் குடுத்தன். பேந்து அந்தக் கதையை மறந்தே போனன்.

கடை அவற்றை பேரிலை இருந்ததே தவிர, பத்து வருசமா அதை நடத்தினது அவற்றை மகள். கலியாணம் கட்டாத பிள்ளை. அண்ணை வாசலிலை கதிரையைப் போட்டுப் பேப்பர் பாப்பார், போறவாறவையோடை பகிடி விடுவார். உள்ளுக்கை நிண்டு, எந்த மண்ணுக்கு எந்த மிளகாய் விதை, மருந்து எவ்வளவு அடிக்கவேணும், ஆருக்கு எப்ப பயித்தங்காய் விதை தேவை எண்டு எல்லாத்தையும் தலையிலை வைச்சிருந்தது அவள்தான். தோட்டக்காரர் அவளைத்தான் தேடி வருவினம். வயசு முப்பத்தஞ்சுக்கு மேலை, வேறை வேலையும் தெரியாது, தேவையும் பட்டதில்லை. அந்தச் சின்ன அறைதான் அவளின்ரை சீவியம். தமையன் கனடாவிலை.

ஒரு புதன்கிழமை பின்னேரம், நாலரை இருக்கும், சபைப் பெடியன் பலகையைத் திறந்து புதுசா ஒண்டு ஒட்டுறதைக் கண்டன். கடைக்குள்ளை சோதினைப் பேப்பர் கொப்பியெடுக்க வந்த சனம் முட்டி வழியுது. கொஞ்சம் ஓயவிட்டிட்டு ஓடிப்போய்ப் பாத்தன். சந்தைக் கடையள் பற்றின தீர்மானம். உரிமம் ஒருத்தற்றை பேரிலை இருக்க வேறை ஆள் கடையை நடத்தினால், இப்ப நடத்துற ஆள் வெள்ளிக்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு முன்னம் தன்ரை கையெழுத்தோடை விண்ணப்பம் குடுத்துத் தன்ரை பேருக்கு மாத்திக்கொள்ளலாம். ஒருக்காத்தான் இந்தச் சலுகை. விட்டால், உரிமக்காரர் இல்லாமல் போற அண்டைக்குக் கடை திரும்பச் சபைக்கு. பிறகு ரெண்டர், ஆரும் கேக்கலாம், கூட வாடகை எழுதிப் போடுறவனுக்குத்தான் கடை.

மாதக்கணக்கா இழுத்து இழுத்துத் தீர்மானம் எடுப்பினம், சனத்துக்குக் குடுக்கிறது ரண்டு நாள். அதைப் பாத்து வாயிலை வந்ததெல்லாம் சொல்லி ஏசினன். ஏசிக்கொண்டே விண்ணப்பப் படிவத்தை வாங்கி முப்பது கொப்பி அடிச்சு என்ரை பையிக்குள்ளை வைச்சன். முதல் நினைவு வந்தது விதைக்கடைப் பிள்ளைதான். போற வழியிலை அவளிட்டைச் சொல்லியிருக்கலாம். ஆறு மணிக்குக் கடையைப் பூட்டேக்கை அவள் வெளியிலை வைச்ச உரமூட்டையை உள்ளுக்கை இழுத்துக்கொண்டு நிண்டவள், கண்ணாலை கண்டன். ஆனால் ஹெல்மெட்டைப் போட்டிட்டன். இனி ஆர் அதைக் கழட்டுறது, எப்பிடியும் குறூப்பிலை போடத்தானே போறன், வடிவா எழுதிப் போடுவம் எண்டு விட்டிட்டன். ஒரு ஹெல்மெட்! இண்டைக்கும் அதைத் தலையிலை மாட்டேக்கை எனக்கு என்னிலையே ஆத்திரம் வரும்.

வீட்டை வந்து சமைச்சுச் சாப்பிட்டு, கதிரையிலை இருந்து, எழுதி அழிச்சு, எழுதி அழிச்சு, கடைசியா அனுப்புவம் எண்டு விரலைக் கொண்டுபோற நேரம், குறூப்பிலை விதைக்கடை அண்ணையின்ரை படம் வந்தது. வெள்ளைச் சேட்டு, நெத்தியிலை திருநீறு, கீழை மரண அறிவித்தல். கடை பூட்டி வீட்டை வந்து, மேல் கழுவிப்போட்டு வந்து இருந்தவர், இருந்தபடியே போயிட்டார். கடை பூட்டுமட்டும் மகளோடை கதைச்சுக்கொண்டு நிண்ட மனுசன். நான் "ஐயோ" எண்டு கத்தின கத்திலை பக்கத்து வீட்டு மனுசி வேலிக்கு மேலாலை எட்டிப் பாத்தா.

அழுதன். உண்மையா அழுதன். பேந்து போனைப் பாத்தன். நான் எழுதின செய்தி அனுப்பாமல் அப்பிடியே கிடக்கு. அதுக்கு மேலை அவற்றை முகம். என்ரை சட்டம்!

தகனம் வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு எண்டு அறிவித்தலிலை இருந்தது. நான் கணக்குப் போட்டன். பத்துக்குச் சவம் எடுத்தால் பதினொண்டுக்குச் செய்தியைப் போடலாம். மூண்டு மணிக்கு நாலு மணித்தியாலம் இருக்கு. சந்தையிலையிருந்து கந்தோருக்கு நடந்தே போகலாம். பிள்ளையிட்டை நானே போய்க் கையெழுத்தை வாங்கி நானே கொண்டுபோய்க் குடுக்கலாம். எல்லாம் சரி எண்டு நினைச்சன். ஆனால் வியாழக்கிழமை முழுக்க ஒரு இடத்திலை இருக்கேலாமல் கிடந்தது. கொப்பி மெசினுக்குப் பேப்பரைத் தலைகீழா வைச்சன். ஒருத்தற்றை அடையாள அட்டையைக் கண்ணாடிக்குக் கீழையே விட்டிட்டுத் தேடித் திரிஞ்சன். பத்துத் தரம் போனை எடுத்து அந்தச் செய்தியைத் திறந்து பாத்துப் பாத்து மூடினன். பலகையைச் சனம் தாங்களாப் போய்ப் பாக்கக் கூடாதோ எண்டு எல்லாரிலையும் கோபம். அவையள் எங்கை பாப்பினம்? பாக்கிறதுக்குத்தான் நான் இருக்கிறனே.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் படிவப் பையோடையே செத்தவீட்டை போனன். சங்கத்து ஆக்கள் எல்லாரும் சேட்டிலை கறுப்புப் பட்டி குத்திக்கொண்டு பந்தலுக்குள்ளை இருந்தவை. கனடாத் தமையன் இன்னும் வரேல்லை. கட்டுநாயக்காவிலை பிளேன் பிந்தி, அவரை ஏத்தின வான் வவுனியா தாண்டிக் கனநேரமாம். பத்து மணி போச்சுது. அவர் வந்து இறங்கி, தேப்பனின்ரை காலைப் பிடிச்சு அழுது முடிய, பத்தரை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிட்டுது. வெள்ளிக்கிழமையெல்லே! பன்ரண்டு மட்டும் ஒண்டும் தொடங்கேலாது எண்டு பெரியாக்கள் சொல்லிப்போட்டினம். பேந்து கிரியை செய்ய மூண்டு மணித்தியாலம், சவம் எடுக்க மூண்டாகும் எண்டினம்.

மூண்டு மணி. விண்ணப்பத்துக்கும் அதே மூண்டு மணிதான்.

ஒரு மணி மட்டும் பொறுத்தன். அதுக்கு மேலை ஏலேல்லை. பந்தலுக்குள்ளை இருந்த ஆம்பிளையள் என்ன செய்தவை? தேர்தல் கதை, பெற்றோல் கதை, வெத்திலை. சரி, உவையளிட்டைச் சொன்னால் என்ன பிழை எண்டு ஒவ்வொரு கதிரையாப் போய்க் காதுக்குள்ளை சொன்னன். "சத்தம் போடாதேங்கோ. மூண்டு மணிக்குள்ளை கடைப் பேரை மாத்தவேணும். இந்தாங்கோ படிவம்." காத்தாடிக்காரருக்கும் சொன்னன். அவற்றை கடை மாமன்ரை பேரிலை. ஒருத்தர் செருப்பைத் தேடினார், ஒருத்தர் போன் கதைக்கிற மாதிரிப் படலைக்குப் போனார், ஒருத்தர் வயித்துவலி எண்டார். ஒழுங்கைக்குள்ளை மோட்டார் சைக்கிள் ஒண்டொண்டா வெளிக்கிட்ட சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அரை மணித்தியாலத்துக்குள்ளை எங்கடை வரிசையிலை பாதிக் கதிரை வெறுமை.

மிச்சம் இருந்தது ஒரேயொரு ஆள். அவள் உள்ளுக்கை, சவப்பெட்டிக்குப் பக்கத்திலை.

ரண்டு மணிக்கு நான் எழும்பி உள்ளுக்கை போனன். ஒரு கிளாஸ் தண்ணியை வாங்கிக்கொண்டு போய் அவளுக்குப் பக்கத்திலை நிலத்திலை இருந்தன். பை மடியிலை. படிவத்தை முதலே நிரப்பி வைச்சிருந்தன், அவளின்ரை பேர், கடை இலக்கம், எல்லாம். ஒரு கையெழுத்துத்தான் பாக்கி. சுத்திவரப் பெண்டுகள் ஒப்பாரி வைச்சு அழுகினம். அவள் அழேல்லை. என்ரை கையைப் பிடிச்சாள். "அப்பா உங்களைப் பற்றித்தான் அக்கா செவ்வாய்க்கிழமையும் கதைச்சவர்" எண்டாள். "அந்தப் பிள்ளை இல்லாட்டி இந்தச் சந்தை கண் தெரியாத சந்தை எண்டு சொன்னவர்."

நான் வாயைத் திறந்தன். மூடினன். ரண்டேகால். அண்ணையின்ரை முகத்தைப் பாத்தன். ரண்டரை. பைக்குள்ளை கையை விட்டுப் பேனையைத் தொட்டன். எதிரிலை இருந்த மனுசி என்ரை கையையே பாக்கிற மாதிரி இருந்தது. சவத்துக்குப் பக்கத்திலை படிவம் நிரப்பினவள் எண்டு ஊர் சொல்லும். "நீர் காத்து விக்கிறீரோ" எண்டு கேட்டவள் தான் என்ன விக்கிறாளாம் எண்டு கேப்பாங்கள். மூண்டுக்குப் பத்து. சங்கு ஊதினாங்கள், பறை அடிக்கத் தொடங்கிச்சுது, பெட்டியைத் தூக்க ஆக்கள் வந்திட்டினம். அவள் "அப்பா" எண்டு கத்திக்கொண்டு எழும்பினாள். நானும் எழும்பினன். அவ்வளவுதான், முடிஞ்சுது.

செத்தவருக்கு மரியாதை குடுத்தனான் எண்டு பேந்து எனக்கு நானே சொல்லிப் பாத்தன். பொய். நான் பாத்தது என்ரை பேரை.

திங்கட்கிழமை கந்தோர் திறக்க முதல் வாசலிலை நிண்டன். உரிமப் பகுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் பிள்ளை அமைதியான ஆள், நான்தான் சத்தம் போட்டன். "வெள்ளிக்கிழமை எங்களுக்குச் செத்தவீடு எண்டு தெரியாதோ? ஒருநாள் பிந்தி எடுத்தால் சபை இடிஞ்சு விழுந்திடுமோ?"

அவள் கோபப்படேல்லை. "செத்தவீடு தெரியும் அக்கா. அங்கையிருந்துதானே பதினொரு பேர் வந்து குடுத்தவை. சேட்டிலை கறுப்புப் பட்டியும் கழட்டாமல் நிண்டவை. அந்த மகளும் வருவா எண்டு நான் மூண்டு மணிக்குப் பிறகும் பத்து நிமிசம் பதிவுப் புத்தகத்தை மூடாமல் வைச்சிருந்தனான்."

மேசையிலை ஊண்டியிருந்த கையை எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பி நடந்தன்.

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச அடுத்த கிழமை அவள் என்ரை கடைக்கு வந்தாள். கையிலை தேப்பனின்ரை இறப்புச் சான்றிதழ். கடைப் பேரை மாத்தக் கொப்பி வேணுமாம். நான் மெசினுக்கு மேலை கடுதாசியை வைச்சனே தவிர, பொத்தானை அமத்தக் கை வரேல்லை. திரும்பி எல்லாத்தையும் சொன்னன். பலகை, ஹெல்மெட், குறூப், பந்தல், ஒண்டும் ஒளிக்கேல்லை. அவள் கேட்டுக்கொண்டு நிண்டாள். ஏசுவாள் எண்டு பாத்தன். ஏசியிருந்தால் எவ்வளவு நல்லம்!

"நீங்கள் எனக்குப் பக்கத்திலை வந்து இருந்தனீங்கள்தானே அக்கா."

"ஓம்."

"அப்ப பைக்குள்ளை படிவம் இருந்ததோ?"

"இருந்தது. நிரப்பி."

"பேனை?"

"அதுவும் இருந்தது."

அவள் கையை நீட்டி மெசின் பொத்தானைத் தானே அமத்தினாள். "கேட்டிருந்தால் கையெழுத்து வைச்சிருப்பன் அக்கா" எண்டாள். "அப்பாவின்ரை காலடியிலை இருந்தே வைச்சிருப்பன். அவர் சிரிச்சிருப்பார்."

கொப்பிக்குக் காசு வேண்டாம் எண்டன். அவள் மேசையிலை வைச்சிட்டுப் போயிட்டாள்.

ரெண்டர் வந்தது. அவளும் போட்டாள். சந்தைக்காரர் ஒருத்தரும் போடேல்லை, அந்தளவுக்கு வெக்கம் இருந்தது அவையளுக்கு. ஆனால் வெளியிலையிருந்து ஒருத்தன் அவளிலும் பாக்கப் பெரிய தொகை போட்டான். இப்ப அந்த அறையிலை போன் கடை. நாள் முழுக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறான், அவனிலை பிழை இல்லை, ஆனாலும் எனக்கு அந்தப் பக்கம் பாக்கேலாது. அவள் புத்தூரிலை ரோட்டுக்கரையிலை தகரம் இறக்கின ஒரு பத்தியை வாடகைக்கு எடுத்து விதை விக்கிறாள். தோட்டக்காரர் தேடிப் போகினமாம். சந்தையிலை வந்த சனத்திலை கால்வாசியும் வராது எண்டும் கேள்விப்பட்டன். குறூப்பாலை மட்டும் அவள் விலகேல்லை. ஏன் விலகேல்லை எண்டு நான் கேட்டதும் இல்லை.

போன கிழமை பலகையிலை புதுசா ஒண்டு ஒட்டியிருந்தது. அடுத்தநாள் காலமை எட்டுத் தொடக்கம் பின்னேரம் அஞ்சுமட்டும் புத்தூர்ப் பக்கம் கரண்ட் நிக்குமாம். படம் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்து போனைத் திறந்தால், குறூப்பிலை அப்பத்தான் ஒரு மரண அறிவித்தல். எங்கடை பழைய தலைவற்றை மனுசி. நல்ல மனுசி, என்ரை கையாலை எத்தினை தரம் தேத்தண்ணி குடிச்சவ. இரங்கல் ஒண்டு, ரண்டு, பத்து எண்டு வந்துகொண்டிருந்தது. நானும் ஒண்டு எழுதினன். எழுதிப்போட்டு, அதுக்குக் கீழையே கரண்ட் செய்தியைப் போட்டன்.

காத்தாடிக்காரர்தான் முதல் எழுதினார்: "அக்கா, அங்கை ஒரு தாயைக் கிடத்தியிருக்கு. நீங்கள் இப்ப என்னத்தை விக்கிறியள்?" இன்னொருத்தர், சட்டம் உங்களுக்கு இல்லையோ எண்டார். ஏசட்டும். நான் அழிக்கேல்லை. மெசினைப் போட்டுவிட்டு, போனையே பாத்துக்கொண்டு நிண்டன்.

கொஞ்சநேரத்தாலை அவள் எழுதினாள். "கண்டன் அக்கா. தோட்டக்காரரை இப்பவே இறைக்கச் சொல்லுறன்."

அவள் குறூப்பிலை ஒருக்காலும் எழுதாத ஆள். அதை எழுத அவளுக்கு ஒரு நிமிசமும் பிடிச்சிருக்காது. எனக்கும் அந்த வெள்ளிக்கிழமை, அவளுக்குப் பக்கத்திலை, அந்த ஒரு நிமிசம்தான் தேவைப்பட்டது.